கொடைக்கானல் ஏரி: காலையில் வந்து மாலையில் போறவங்க... டென்ட் போட்டுத் தங்குறவங்க... இ-பாஸ் கணக்கில் விடுபடுவது என்ன?

வண்டிக்கு இ-பாஸ் இருக்கிறது, உச்சவரம்பும் வந்துவிட்டது. ஆனால், ஒரு நாள் பயணியும் மூன்று நாள் தங்குபவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். ஏன் இது சிக்கல்? விரிவான அலசல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வரும்: ‘மச்சி, கொடைக்கானல் போலாமா?’ பத்தே நிமிடத்தில் ஒருவர் இ-பாஸ் எடுத்திருப்பார். இன்னொருவர் ‘லேக் வியூ டென்ட், கேம்ப்ஃபயர் உண்டு’ என்று ஒரு ரீல்ஸ் லிங்க்கைத் தட்டிவிட்டிருப்பார்.

முதல் வேலை அரசின் கணக்கில் பதிவாகிவிடும். இரண்டாவது வேலை பல நேரங்களில் யார் கணக்கிலும் வராது.

கொடைக்கானலில் கூட்டம் என்றாலே பேச்சு ‘எத்தனை வண்டி?’ என்பதில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகிறது. வந்தவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு மாலையே இறங்கினார்களா, இரவு தங்கினார்களா, தங்கியது ஹோட்டலிலா, காட்டோரத் தோட்டத்து டென்ட்டிலா? மலைமேல் விழும் சுமையைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விகள்தான்.

முதலில், இ-பாஸ் எப்படி வந்தது?

ஊட்டி, கொடைக்கானல் இரண்டு ஊர்களிலும் சீசன் நெரிசல் கைமீறிப் போன நிலையில், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. சுருக்கமாகச் சொன்னால்:

• 2024 ஏப்ரல் 29: நீலகிரி மாவட்டத்துக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

• 2024 மே 7: நடைமுறைக்கு வந்தது. அப்போது எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் உண்டு. எவ்வளவு பேர் வருகிறார்கள் என்ற தரவைத் திரட்டுவதுதான் நோக்கம்.

• 2025 மார்ச் 13: உச்சவரம்பு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் தினமும் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு முறையே 6,000, 8,000.

உள்ளூர் மக்களின் வண்டிகள், அரசுப் பேருந்துகள், அத்தியாவசியப் பொருட்கள், விளைபொருட்களை ஏற்றிவரும் வாகனங்கள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. இந்த மலைகள் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ஆகியவற்றிடம் கொடுக்கப்பட்டது.

இன்னொரு பக்கம், 2024 பிப்ரவரியில் வெளியான ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ படத்துக்குப் பிறகு குணா குகையைப் பார்க்கவென்றே ஒரு புதுக் கூட்டம் மலையேறியது. ஒரே ஒரு சினிமா, ஒரே ஒரு ரீல்ஸ் போதும்... ஒரு இடத்தின் சுமை ஒரே வாரத்தில் மாறிவிடும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

6,000 வண்டி என்றால் எவ்வளவு?

எண்ணாகப் பார்த்தால் புரியாது. ஏரியை வைத்துப் பார்க்கலாம்.

கொடைக்கானல் ஏரி இயற்கையானது அல்ல. 1863-ல், அன்றைய மதுரை கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியில் ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டி உருவாக்கப்பட்டது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கி.மீ. சைக்கிள், குதிரை சவாரி, வாக்கிங், சோளம், மிளகாய் பஜ்ஜி எல்லாமே இந்த 5 கி.மீ.க்குள்தான். கிழக்குக் கரையை ஒட்டி பிரையன்ட் பூங்கா.

ஒரு கார் சராசரியாக 4.5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 6,000 கார்களை இடைவெளியே விடாமல் நிறுத்தினால் 27 கி.மீ. அதாவது, ஏரியை ஐந்து சுற்றுக்கும் மேல் சுற்றிவரும் நீளம்.

காருக்கு 4 பேர் என்றால் 24,000 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே 36,501தான். பேருந்தில் வருபவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஏரிக்கரைக்கு வராதே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால், முதல்முறை வருபவர்கள் ஏரி, பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்ற அதே பட்டியலை, கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் பார்க்கிறார்கள். காலை 10 முதல் மாலை 5 மணிக்குள் பார்த்தும் ஆக வேண்டும். கூட்டம் பரவாமல் ஒரே சாலையில் தேங்குவது இதனால்தான்.

வாசலை எண்ணுகிறோம்... வீட்டுக்குள் எத்தனை பேர்?

இங்கேதான் கணக்கின் ஓட்டை இருக்கிறது. உச்சவரம்பு என்பது ஒரு நாளில் *நுழையும்* வண்டிகளுக்கு. ஒரு நேரத்தில் மலைமேல் *இருக்கும்* வண்டிகளுக்கு அல்ல. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வேறு வேறு.

வார நாட்களை எடுத்துக்கொள்வோம். தினமும் 4,000 வண்டி.

முதல் சூழல்: எல்லோருமே ஒரு நாள் பயணிகள். காலையில் 4,000 வண்டி ஏறும். மாலையில் எல்லாம் இறங்கிவிடும். இரவில் மலைமேல் வெளியூர் வண்டி பூஜ்யம்.

இரண்டாவது சூழல்: எல்லோரும் இரண்டு இரவு தங்குகிறார்கள். திங்கள் இரவு 4,000 வண்டி. செவ்வாய் இரவு, புதிதாக வந்ததையும் சேர்த்து 8,000. புதன்கிழமை திங்களன்று வந்தவர்கள் இறங்க, புதிதாக 4,000 ஏறும். அன்று இரவும் 8,000. காருக்கு 4 பேர் என்றால் 32,000 விருந்தினர்கள். ஊர் மக்கள்தொகையை நெருங்கும் எண்ணிக்கை.

இரண்டு சூழலிலுமே இ-பாஸ் எண்ணிக்கை ஒன்றுதான்: 4,000. விதி மீறப்படவே இல்லை. ஆனால், சுமை?

இரண்டுமே புரிந்துகொள்வதற்காகச் சொன்ன எல்லைக்கோடுகள். நிஜம் நடுவில் எங்கோ இருக்கும். சுவாரஸ்யம் என்னவென்றால், இ-பாஸ் விண்ணப்பத்திலேயே எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்றெல்லாம் கேட்கப்படுகிறது. தகவல் கையில் இருக்கிறது, உச்சவரம்பை நிர்ணயிக்கும் சூத்திரத்தில் மட்டும் அது இல்லை.

டே ட்ரிப் சுமை வேறு, இரவுத் தங்கல் சுமை வேறு

மதுரை, திண்டுக்கல், தேனி பக்கத்திலிருந்து காலையில் கிளம்பி ஏரியைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பும் குடும்பங்கள் ஏராளம். இவர்களுக்குத் தேவை மூன்றே மூன்று: வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, குப்பைத்தொட்டி. இந்த மூன்றும் சரியாக இல்லாவிட்டால் சாலையோரமே பார்க்கிங், மரத்தடியே கழிப்பறை, புல்வெளியே சாப்பாட்டு மேடை. கட்டுச்சோறு பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் அங்கேயே கிடக்கும். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி விதிக்கப்பட்டது இதற்காகத்தான்.

ஆக, பகல் பயணிகளின் சுமை சில மணி நேரத்துக்கு ஒரே இடத்தில் குவியும். பிறகு இறங்கிவிடும்.

இரவு தங்குபவரின் சுமை கண்ணுக்குத் தெரியாது. குழாய் வழியாக வரும், குழாய் வழியாகவே போகும். ஹோட்டல்களில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டிக் கையேடு சொல்லும் அளவு. ஆயிரம் விருந்தினர் தங்கினால் ஒரு நாளைக்கு 1.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் 15 லோடு. கோடையில், அதாவது மலையிலேயே தண்ணீர் குறைவாக இருக்கும் மாதங்களில்தான் இந்தத் தேவை உச்சத்துக்குப் போகிறது.

பயன்படுத்திய தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு. அது எங்கே போகும்? ஏரி இருப்பது பள்ளத்தில். சுற்றியுள்ள சரிவுகளில் ஹோட்டல், காட்டேஜ், வீடுகள். முறையாகச் சுத்திகரிக்கப்படாத எதுவும் கீழ்நோக்கித்தானே வரும்? ஏரியில் நிரம்பி வழியும் தண்ணீர்தான் மலைச்சாலையில் எல்லோரும் இறங்கி செல்ஃபி எடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்போ டென்ட்?

ஹோட்டல் என்றால் லைசென்ஸ், கட்டட அனுமதி, கழிவுநீர்த் தொட்டி என்று ஏதோ ஒரு ஃபைல் இருக்கும். கொடைக்கானலில் மாஸ்டர் பிளானை மீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. டென்ட்டுக்கு அஸ்திவாரமே கிடையாது. காலையில் சுருட்டி வைத்துவிட்டால் அங்கே எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். ‘கட்டடம் கட்டினால்தானே அனுமதி? துணிக்கு என்ன அனுமதி?’ என்ற நினைப்பில் பல தோட்டங்கள் டென்ட் பக்கம் திரும்பின. அனுமதி இல்லாத டென்ட்கள் மீது வருவாய்த் துறையும் வனத் துறையும் பலமுறை நடவடிக்கை எடுத்திருக்கின்றன. ஆனாலும் சீசன் வந்தால் புது விளம்பரங்களும் வந்துவிடுகின்றன.

சரி, டென்ட்டில் தங்கினால் என்ன பிரச்னை?

ஒன்று, இடம். கொடைக்கானல் வனஉயிரின சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 600 சதுர கி.மீ.க்கும் மேல். ஊரும் தோட்டங்களும் காடும் அடுத்தடுத்து இருக்கும் பகுதி. டவுன் சாலைகளிலேயே காட்டுமாடுகள் சாவகாசமாக நடந்து போகும். பேத்துப்பாறை பக்கம் யானை வருவது அடிக்கடி வரும் செய்தி. கல் சுவருக்கும் நைலான் துணிக்கும் உள்ள வித்தியாசம் இரவு 2 மணிக்குத்தான் தெரியும்.

இரண்டு, நெருப்பு. கேம்ப்ஃபயர் இல்லாத டென்ட் விளம்பரத்தைப் பார்ப்பதே அபூர்வம். காய்ந்த புல்லும் காற்றும் இருக்கும் மாதங்களில் ஒரு தீப்பொறி போதும்.

மூன்று, கழிப்பறை. இருபது டென்ட்டுக்கு இரண்டு தற்காலிகக் கழிப்பறை என்றால், மீதிக்கு என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதெல்லாம் பயமுறுத்தலா? பக்கத்து மலைகளில் நடந்தவற்றைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 2021 ஜனவரி 23-ல் கேரளத்தின் வயநாடு, மேப்பாடி அருகே ரிசார்ட் ஒன்றின் டென்ட்டில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். அந்த ரிசார்ட்டை மூட மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. அதே மாதத்தில்தான் நீலகிரி மாவட்டம் மசினகுடியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் பொருள் வீசப்பட்டு, அந்த யானை பின்னர் இறந்தது. வீடியோவைப் பார்த்து நாடே அதிர்ந்தது.

ஒரு சம்பவத்தில் மனித உயிர், இன்னொன்றில் யானையின் உயிர். காட்டை ஒட்டிய இரவுத் தங்கலில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது.

தடை மட்டும் போதுமா? குரங்கணி சொல்லும் பாடம்

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் போன 23 பேர் உயிரிழந்தனர். எத்தனை பேர் மலைமேல் இருக்கிறார்கள், எந்த வழியில் இறங்குகிறார்கள் என்பது நிர்வாகத்திடம் தெளிவாக இல்லாதபோது மீட்புப் பணி எவ்வளவு கடினமாகும் என்பதைத் தமிழ்நாடு அன்று பார்த்தது.

அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத் துறை சார்பில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கப்பட்டது. 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, எளிது-நடுத்தரம்-கடினம் என்ற தரவரிசை, காட்டை ஒட்டி வாழும் மக்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் நிறுத்திவைப்பு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலையேற்றம் ஒழிந்துவிடவில்லை. யார், எங்கே, எத்தனை பேர், யார் பொறுப்பு என்ற நான்கு கேள்விக்கும் பதில் இருக்கும் வடிவத்துக்கு அது மாறியது. டென்ட் விஷயத்தில் கொடைக்கானல் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஒரு பக்கம் ‘தடை’, இன்னொரு பக்கம் இன்ஸ்டாகிராம் புக்கிங். நடுவில், அனுமதி பெற்ற, எண்ணப்பட்ட, கழிப்பறையும் வேலியும் உள்ள முகாம் இடங்கள் போதுமான அளவில் இல்லை. தேவை இருந்து, முறையான வழி இல்லையென்றால் அந்தத் தேவை குறுக்குவழியில்தான் போகும்.

பேரிஜம்: உள்ளூரிலேயே ஒரு முன்மாதிரி

கொடைக்கானலிலிருந்து இருபது கி.மீ. சொச்சம் தூரத்தில், காட்டுக்குள் இருக்கிறது பேரிஜம் ஏரி. பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது இந்த ஏரிதான். இங்கே போக வனத் துறையின் அனுமதி வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வண்டிகள்தான். பகலில் மட்டும்தான். யானைகள் அந்தப் பக்கம் இருந்தால் அன்றைக்கு அனுமதி கிடையாது. ‘யானை நடமாட்டம்: பேரிஜம் செல்லத் தடை’ என்ற செய்தி ஆண்டுக்குப் பலமுறை வரும்.

அதாவது, பேரிஜத்தில் எண்ணிக்கை அந்த ஏரியின் வாசலிலேயே நடக்கிறது. பகல் பயணம் என்று போனால் பகல் பயணம்தான். நிலைமையைப் பொறுத்து நாளுக்கு நாள் மாற்றவும் முடிகிறது. காரணம் எளிது: அது குடிநீர், காடு. யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

நகரத்து நடுவில் இருக்கும் கொடைக்கானல் ஏரிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஏரிச்சாலை உள்ளூர்க்காரர்கள் பள்ளிக்கும் கடைக்கும் போகும் சாலையும்கூட. ஆனாலும், மலையின் வாசலில் ஒரே எண்ணிக்கை என்பதைத் தாண்டி, இடத்துக்கு இடம் எண்ணிக்கை என்பது சாத்தியம்தான் என்று பேரிஜம் காட்டுகிறது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள மொரெய்ன் ஏரி, உலகம் முழுக்க வால்பேப்பராகச் சுற்றிய ஏரி. கூட்டம் தாங்காமல், 2023 முதல் அந்த ஏரிச்சாலையில் சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பூங்கா நிர்வாகத்தின் ஷட்டில் பேருந்து, பொதுப் போக்குவரத்து, சுற்றுலா நிறுவன வண்டி, சைக்கிள் இவற்றில்தான் போக முடியும். ஷட்டில் சீட்டுகளில் ஒரு பகுதி சீசனுக்கு முன்பே விற்பனைக்கு வரும். மீதி, பயணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் திறக்கப்படும். முன்கூட்டியே திட்டமிட முடியாதவர்களுக்கும் வாய்ப்பு கிடைக்க இந்த ஏற்பாடு.

டென்ட் போடணுமா? மொரெய்ன் ஏரிக்கரையில் முகாம் மைதானம் கிடையாது. லேக் லூயிஸ் பகுதியில் அதற்கென்று தனி மைதானம் இருக்கிறது. துணி டென்ட்களுக்கான பகுதியைச் சுற்றிக் கரடிகளுக்காக மின்வேலியே போட்டிருக்கிறார்கள்.

ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் இந்தப் பிரிவு இன்னும் தெளிவு. டொராண்டோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடையில் பழகிப்போன நடைமுறை இது. பகலில் வந்துபோகும் வண்டிக்கான அனுமதியைக் கூட்டம் அதிகமுள்ள பூங்காக்களில் ஐந்து நாள் முன்பிருந்து பதிவு செய்யலாம். இரவு முகாம் இடத்தை ஐந்து மாதம் முன்பிருந்து பதிவு செய்யலாம். ஒரு முகாம் இடத்துக்குப் பொதுவாக ஆறு பேர்தான். பகலுக்கு ஒரு வரிசை, இரவுக்கு வேறு வரிசை. ஒன்றின் கூட்டம் மற்றொன்றின் இடத்தைத் தின்பதில்லை.

அங்கே மக்கள்தொகை குறைவு, இடம் அதிகம், பூங்காவுக்குள் ஊர் பெரிதாக இல்லை என்பதெல்லாம் உண்மை. அதனால் அங்குள்ள எண்களை இங்கே கொண்டுவர முடியாது. கொண்டுவரக்கூடியது அந்தப் பிரிக்கும் முறையை மட்டும்தான்.

உள்ளூர் மக்கள் என்ன கேட்கிறார்கள்?

இ-பாஸ் வந்தபோது எதிர்ப்பும் வந்தது. 2025 ஏப்ரல் 2-ல் நீலகிரியில் வணிகர்கள் கடையடைப்பே நடத்தினார்கள். கொடைக்கானலிலும் இதே கவலைதான். குதிரைக்காரர், சைக்கிள் வாடகைக்கு விடுபவர், சாக்லேட் கடை, பழக்கடை, டாக்ஸி டிரைவர், காட்டேஜில் வேலை பார்ப்பவர் எல்லோருக்கும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி சீசனில்தான் வருகிறது. பாஸ் என்று ஒன்று இருந்தாலே ‘எதுக்கு வம்பு?’ என்று வேறு ஊருக்குப் போய்விடுவார்களோ என்ற பயம்.

இதில் இன்னொரு நியாயக் கேள்வியும் உண்டு. வண்டி எண்ணிக்கையைக் குறைத்தால் முதலில் வெளியே நிற்பது யார்? மாதக்கணக்கில் முன்பே ரூம் போட்டவர் பாஸையும் முன்பே எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று முடிவுசெய்து வாடகை வேனில் கிளம்பும் குடும்பம்தான் மாட்டும். இத்தனைக்கும் அவர்கள் சாயங்காலமே இறங்கிவிடுவார்கள். மலையின் தண்ணீரைக் குறைவாகப் பயன்படுத்துபவர்களும் அவர்கள்தான்.

அரசுப் பேருந்துக்கு விலக்கு இருப்பது இந்த இடத்தில் முக்கியம். 50 பேரை ஏற்றிவரும் ஒரு பேருந்து, பன்னிரண்டு கார்களைச் சாலையிலிருந்து எடுத்துவிடும். வத்தலகுண்டு, பழனி அடிவாரங்களில் காரை நிறுத்திவிட்டு, அடிக்கடி ஓடும் பேருந்தில் மேலே போகலாம் என்ற ஏற்பாடு இருந்தால், கூட்டத்தைக் குறைக்காமலே நெரிசலைக் குறைக்க முடியும். குதிரைக்காரருக்குத் தேவை ஆட்கள்தான், கார்கள் அல்ல.

அடுத்து என்ன கணக்கு வேண்டும்?

‘மலை எவ்வளவு தாங்கும்?’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு எண் பதிலாக வந்தால், அதனால் பெரிய பயன் இருக்காது. குறைந்தது மூன்று எண்கள் வேண்டும்:

• பகலில், ஏரி, பைன் காடு, குணா குகை என்று ஒவ்வோர் இடமும் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும்? (பார்க்கிங், கழிப்பறை, நடைபாதையை வைத்து)

• இரவில், தண்ணீரும் கழிவுநீர் வசதியும் எத்தனை படுக்கைகளைத் தாங்கும்? (கோடை மாதத்து நீர் இருப்பை வைத்து)

• டென்ட் முகாம்களுக்கு எந்தெந்த இடம் தகுதியானது, அங்கே எத்தனை டென்ட்? (யானை வழி, நெருப்பு அபாயம், கழிப்பறையை வைத்து)

மூன்றும் தெரிந்தால் இ-பாஸை இரண்டு நிறமாகப் பிரிப்பது தொழில்நுட்ப ரீதியில் பெரிய வேலை அல்ல. ஒரு நாள் பாஸ், தங்கல் பாஸ். தங்கல் பாஸுக்கு, பதிவுபெற்ற விடுதியின் முன்பதிவு எண் கட்டாயம் என்று வைத்தால், பதிவு இல்லாத டென்ட்டுக்குப் போகும் வழி தானாகவே குறுகும். தங்கும் இடம் ஏற்கெனவே விண்ணப்பத்தில் கேட்கப்படுகிறது. அதைச் சரிபார்க்கும் வேலைதான் பாக்கி.

நீங்கள் கிளம்பும் முன்...

• இ-பாஸில் தங்கும் நாட்களையும் இடத்தையும் சரியாகக் குறிப்பிடுங்கள். நாளைய உச்சவரம்பு இந்தத் தரவை வைத்துத்தான் அமையும்.

• டென்ட் புக் செய்யும் முன், அனுமதி எண்ணைக் கேளுங்கள். ‘அதெல்லாம் பிரச்னை இல்ல சார், பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால், அங்கேதான் பிரச்னை. சோதனை வந்தால் நடுராத்திரியில் வெளியே நிற்கப்போவது நீங்கள்.

• சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் குற்றம். ‘தெரியாது’ என்பது பதில் ஆகாது.

• பேரிஜம் போவதாக இருந்தால், அன்றைய அனுமதி நிலவரத்தை முதல் நாளே வனத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• ஒரு நாள் பயணம் என்றால் பேருந்தை யோசியுங்கள். வார நாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது.

• பெரிய தண்ணீர் கேன் ஒன்றும், நிரப்பிக்கொள்ள ஸ்டீல் பாட்டிலும் எடுத்துப்போனால் 20 ரூபாய் வரியும் மிச்சம், குப்பையும் மிச்சம்.

கொடைக்கானல் நோக்கி ஏறும் வண்டிகளை வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச் சாவடியில் எண்ண ஆரம்பித்தாகிவிட்டது. அங்கிருந்து மேலே போனவர்களில் எத்தனை பேர் இன்று இரவு எந்தக் கூரையின் கீழ், அல்லது எந்தத் துணியின் கீழ், தூங்குகிறார்கள் என்ற கேள்விக்கு நிர்வாகம் உடனே பதில் சொல்ல முடிகிற அன்றுதான் இந்தக் கணக்கு முழுமையாகும்.